பெட்டியில் 7,000, மேசையில் எவ்வளவு? டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி தேர்ந்தெடுப்பது

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கிடங்கு) வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான். நொடிக்கு எத்தனை எம்பி படிக்கும் என்ற எண் அது: 560, 3,500, 7,400, 14,800. எண் பெரிதானால் கணினியும் அதே கணக்கில் பறக்கும் என்று மனம் தானாக முடிவுகட்டிவிடும். நானும் அப்படித்தான். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, என்விஎம்இ என்ற புதிய வகையில் ஜென்4 (நான்காம் தலைமுறை) ஒன்றைப் பொருத்தி, கணக்குப்படி 13 மடங்கு வேகம் வரும் என்று ஆசையோடு பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் கொஞ்சம் முன்னதாக வந்தது. பிரௌசர் முன்பு திறந்த மாதிரியேதான் திறந்தது. பழுதான பொருளை வாங்கிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டினால், முதல் வரியில் 7,000-க்கு மேல் காட்டுகிறது. பொருள் சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் தப்பான வரியைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

அந்த சோதனையில் கடைசியாக ஒரு வரி வரும். 4கே, வரிசை ஒன்று, திரெட் ஒன்று. 4 கேபி அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளை, ஒன்றைப் படித்து முடித்த பிறகே அடுத்தது என்று எடுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி வருகிறது என்பதை அது சொல்லும். நாள் முழுக்கக் கணினி செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் ஏறும்போதும், மென்பொருள் திறக்கும்போதும், இணையப் பக்கத்தின் தற்காலிகக் கோப்புகளைத் தேடும்போதும் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் கேட்கும். இந்த வரியில் சாட்டா எஸ்எஸ்டி ஏறக்குறைய 40 எம்பி காட்டும். நல்ல ஜென்4 என்விஎம்இ 80 எம்பிக்குப் பக்கத்தில் வரும்.

எம்பியை மறந்துவிட்டு எண்ணிக்கையாகவே பார்க்கலாம். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், ஊசி நகர்ந்து தட்டு சுழன்று ஒரு துண்டை எடுத்துக் கொடுக்க 10 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு நூறு துண்டு கூடத் தேறாது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 10,000. ஜென்4 சுமார் 20,000. ஆக, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் அது நூறு மடங்குத் தாவல். அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு, சில சமயம் அதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் எந்த நல்ல எஸ்எஸ்டியை வாங்கினாலும் அசந்துபோவார். ஏற்கெனவே எஸ்எஸ்டி வைத்திருப்பவர்தான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும்.

சாட்டாவா, என்விஎம்இயா?

சாட்டாவின் கூரை எங்கே இருக்கிறது என்பது எப்போதோ முடிவான விஷயம். நொடிக்கு 6 ஜிகாபிட். 8 பிட் தரவை அனுப்ப 10 பிட் செலவாகிற ஏற்பாடு என்பதால் 600 எம்பிக்கு மேல் போக வழியே இல்லை. நடைமுறையில் 550-560. அதனால்தான் எல்லா நிறுவனத்தின் சாட்டா எஸ்எஸ்டியிலும் ஒரே எண் அச்சாகி வருகிறது. இன்னொரு குறையும் உண்டு. அது பேசும் ஏஹெச்சிஐ மொழி ஹார்ட் டிஸ்க் காலத்தில் எழுதப்பட்டது. ஒரே ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011-ல் வந்த என்விஎம்இ இதை ஏறக்குறைய 64,000 வரிசை, ஒவ்வொன்றிலும் 64,000 கட்டளை வரை திறந்துவிட்டது. வீட்டுக் கணினி அந்த வரிசைகளை நிரப்பப் போவதில்லை. ஆனால் வழியில் இருக்கும் சடங்குகள் குறைந்ததால் ஒவ்வொரு துண்டும் சீக்கிரம் வந்து சேர்கிறது. அந்த இரண்டு மடங்கில் இதற்கும் பங்கு உண்டு.

மதர்போர்டில் எம்.2 துளை (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கேபிள் இல்லை, மின் இணைப்பு தனியாக இல்லை, கேபினட்டுக்குள் காற்றும் தடையில்லாமல் ஓடும். எம்.2 துளையே இல்லாத பழைய கணினிக்கும், எம்.2 துளைகள் எல்லாம் நிரம்பிப்போய்க் கூடுதலாக ஒரு கிடங்கு வேண்டும் என்பவர்களுக்கும் இரண்டரை அங்குல சாட்டா இன்றும் நல்ல வழி. பழைய போர்டில், கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் செருகும் பிசிஐஇ துளையில் அடாப்டர் கார்டு போட்டு அதில் என்விஎம்இயைச் செருகலாம்தான். தரவு வைத்துக்கொள்ள அது போதும். ஆனால் அதிலிருந்து பூட் ஆவதற்கு பயாஸ் (கணினியை எழுப்பும் போர்டின் மென்பொருள்) ஒத்துழைக்க வேண்டும். மிகப் பழைய போர்டுகள் ஒத்துழைக்காது.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அதனால் 2280. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. தங்க நிறக் காலில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. போர்டின் துளை எதை ஏற்கும் என்று கையேட்டில் பார்க்காமல் வாங்கிவிட்டு, அழகாகப் பொருந்திய பிறகும் கணினியின் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

எந்தத் தலைமுறை?

என்விஎம்இ பயன்படுத்தும் நான்கு லேன் (தரவு ஓடும் தடம்) பிசிஐஇயில் ஜென்3 என்றால் 3,500 எம்பி அளவில் நிற்கும். ஜென்4 என்றால் 7,000-க்குக் கொஞ்சம் மேலே. ஜென்5 என்றால் 14,000-ஐத் தாண்டும். சாம்சங் 9100 ப்ரோ 14,800 வரை போகிறது. மேல்தலைமுறை எஸ்எஸ்டியைக் கீழ்த்தலைமுறைத் துளையில் போட்டாலும் ஓடும், துளையின் வேகத்துக்கு இறங்கி ஓடும். ஆகவே முதல் கேள்வி உங்கள் போர்டும் ப்ராசசரும் எதுவரை போகும் என்பதுதான். ஏஎம்டியில் 2019-ல் வந்த ரைசன் 3000-ஐ எக்ஸ்570 போன்ற போர்டில் போட்டதிலிருந்து ஜென்4 உண்டு. பி450 போர்டு என்றால் ஜென்3 தான். இன்டெல் டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஜென்4. 10-ஆம் தலைமுறை வைத்திருப்பவர் ஜென்4 எஸ்எஸ்டி வாங்குவது பிற்காலத்துக்கு எடுத்துவைப்பது போல. தப்பில்லை, ஆனால் இன்றைக்கு அதன் பாதி வேகம்தான் கிடைக்கும்.

ஜென்5 பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது: வீட்டில் வைத்திருக்கும் டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டாம். 4கே வரியில் ஜென்4-ஐ விடக் கொஞ்சம்தான் மேலே. விளையாட்டுகள் ஏறுவதில் நொடிக் கணக்கில் கூட வித்தியாசம் தெரிவது அரிது. விளையாட்டின் தரவை எஸ்எஸ்டியிலிருந்து வேகமாக எடுக்க மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்ஸ்டோரேஜ் வந்தால் எல்லாம் தலைகீழாகும் என்றார்கள். 2023 ஜனவரியில் ஃபோர்ஸ்போக்கன் என்ற விளையாட்டு அதோடு வந்தது. அதற்குப் பிறகும் ஜென்5 இல்லாமல் ஓடாது என்று சொல்ல வைக்கும் விளையாட்டு எதையும் நான் பார்க்கவில்லை.

பெரிய கோப்புகளை நகர்த்துவதில் ஜென்5 மின்னும், உண்மைதான். ஆனால் எங்கிருந்து நகர்த்துகிறீர்கள்? மூலம் ஹார்ட் டிஸ்க் என்றால் பொதுவாக 200 எம்பியை ஒட்டித்தான் வரும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் 110 எம்பி சொச்சம். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போது அண்டாவின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? ஒரே கணினியில் இரண்டு ஜென்5 எஸ்எஸ்டிகளுக்கு நடுவே நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஜிபி போய்வரும் வேலை, சுருக்கப்படாத பெரிய வீடியோவோடு மாரடிக்கும் வேலை என்றால் வாங்குங்கள். அப்போதும் சூட்டைக் கவனிக்க வேண்டும். 2023-ல் முதலில் வந்த ஜென்5 எஸ்எஸ்டிகள் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாமல் ஓட்டினால் கொதித்துப்போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டன. பிறகு வந்த கன்ட்ரோலர்கள் (எஸ்எஸ்டியை இயக்கும் சில்லுகள்), 6 நானோமீட்டரில் செய்தவை, எவ்வளவோ தேவலை. இன்டெல்லின் 12 முதல் 14 வரையான தலைமுறைகளில் இன்னொரு சிக்கல். அங்கே ஜென்5 லேன்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு என்று ஒதுக்கியவை. ஜென்5 எம்.2 துளை உள்ள போர்டில் அதை நிரப்பினால் கார்டின் 16 லேன் 8 ஆகிவிடும்.

பெட்டியில் எழுதாத விஷயம்

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். ஜென்3-க்கும் ஜென்4-க்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் உணராமல் போகலாம். டிஎல்சிக்கும் க்யூஎல்சிக்கும் உள்ள வித்தியாசம் ஒருநாள் கண்டிப்பாக முகத்தில் அறையும்.

ஒரு நினைவகச் செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு 8 மின்னழுத்த அளவுகளைப் பிரித்தறிய வேண்டும், நான்கு பிட்டுக்கு 16. ஒரே டம்ளரில் 8 கோடு போட்டு அளப்பதற்கும் 16 கோடு போட்டு அளப்பதற்கும் உள்ள பாடுதான். கோடுகள் நெருங்க நெருங்க ஊற்றும் கை நிதானமாக வேண்டும். அதனால் க்யூஎல்சியில் எழுதுவது மெதுவாக நடக்கும், செல்லும் சீக்கிரம் தேயும்.

இதை மறைக்க எல்லா நிறுவனங்களும் ஒரே உத்தியைத்தான் கையாள்கின்றன. காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரே ஒரு பிட்டை மட்டும் வேகமாக எழுதிவைப்பது, அப்புறம் சாவகாசமாக அவற்றை மூன்றாகவோ நான்காகவோ மடித்து அடுக்குவது. இதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். பெட்டியில் போட்டிருக்கும் எழுதும் வேகம் இந்த கேஷின் வேகம். அது தீர்ந்ததும்தான் எஸ்எஸ்டியின் நிஜ முகம் தெரியும்.

நண்பர் ஒருவரின் கணினியில் இதை நேரிலேயே பார்த்தேன். 1 டிபி க்யூஎல்சி என்விஎம்இ, முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. திருமண வீடியோத் தொகுப்பு, 130 ஜிபி சுமார், வேகமான இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து அதற்கு நகல் எடுத்தோம். விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் மேலே மேடாக ஓடிக்கொண்டிருந்தது. முப்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக விழுந்தது, மலையுச்சியிலிருந்து கல் விழுவது போல. அதற்குப் பிறகு கோடு தரையோடு தரையாக, 90 எம்பி, 110 எம்பி என்று ஊர்ந்தது. “ஹார்ட் டிஸ்க்லயே போட்டிருக்கலாம் போலிருக்கே” என்றார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே நல்ல ஹார்ட் டிஸ்க் அதைவிட வேகமாக எழுதும்.

கணக்கு எளிது. க்யூஎல்சி செல்லில் ஒரு பிட் மட்டும் எழுதினால் நான்கில் ஒரு பங்குதான் கொள்ளும். 200 ஜிபி காலி இருந்தால் கேஷ் அதிகபட்சம் 50 ஜிபி. சில கன்ட்ரோலர்கள் அவ்வளவும் தராது. எஸ்எஸ்டி காலியாக இருக்கும் முதல் வாரத்தில் எல்லாம் பறக்கும், மதிப்புரைகளும் பெரும்பாலும் அந்த முதல் வாரத்தில் எழுதப்பட்டவை. நிரம்பிய பிறகுதான் இது வெளியே வரும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபிக்கு அந்த நிறுவனமே கொடுத்த குறிப்பில், கேஷ் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் 80 எம்பி என்று வெளிப்படையாக இருக்கிறது. மறைக்காமல் சொன்னதற்குப் பாராட்டலாம். டிஎல்சியிலும் சரிவு உண்டு, ஆனால் நல்ல 1 டிபி டிஎல்சி என்விஎம்இ விழுந்த பிறகும் 1,000 எம்பிக்கு மேலே நிற்கும்.

அதற்காக க்யூஎல்சியைத் தீண்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். விளையாட்டுகளை நிறுவி வைக்க, படங்களைச் சேமித்து வைக்க, அதாவது ஒருமுறை எழுதி நூறுமுறை படிக்கும் வேலைக்கு அது நன்றாகவே பொருந்தும். படிக்கும் வேகத்தில் பெரிய குறை தெரியாது. விண்டோஸ் இருக்கும் முதல் எஸ்எஸ்டியாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

தொல்லை என்னவென்றால், டிஎல்சியா க்யூஎல்சியா என்பதைப் பல நிறுவனங்கள் பெட்டியில் போடுவதில்லை. ஒரே பெயரில் விற்றுக்கொண்டே உள்ளிருக்கும் சில்லுகளைச் சத்தமில்லாமல் மாற்றியவர்களும் உண்டு. 2021-ல் இப்படிப் பல மாடல்கள் அடுத்தடுத்து பிடிபட்டன. மறைமுகமாகக் கண்டுபிடிக்க டிபிடபிள்யூ எண் உதவும். வாரண்டிக் காலத்தில் எத்தனை டிபி எழுதலாம் என்பதே அது. 1 டிபி டிஎல்சிக்கு வழக்கமாக 600. 1 டிபி என்று போட்டு 200, 220 என்று இருந்தால் உள்ளே க்யூஎல்சி என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

அந்த எண்ணைப் பார்த்துத் தேய்ந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. 600 டிபியை ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 328 ஜிபி எழுத வேண்டும். என் கணினியில் மூன்று ஆண்டுகளில் மொத்தமே 27 டிபிதான் ஆகியிருக்கிறது, அதுவும் வீடியோ வேலை பார்க்கும் கணினி. எஸ்எஸ்டிகள் தேய்ந்து சாவதைவிட கன்ட்ரோலரோ ஃபர்ம்வேரோ கோளாறாகிச் சாவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. போனால் முன்னறிவிப்பு இல்லாமல் போகும், ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காது. பேக்கப் இன்னோர் இடத்தில் இருக்கட்டும்.

டிராம் வேண்டுமா?

எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி வைத்துக்கொள்ள வேண்டும். 1 டிபிக்குச் சுமார் 1 ஜிபி அட்டவணை. அதைத் தன்னிடமே உள்ள டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) சில்லில் வைத்தால் வேகம். சில்லு இல்லாதவை, என்விஎம்இ என்றால், கணினியின் ரேமிலிருந்து சில பத்து எம்பி கடன் வாங்கிக்கொள்ளும். இந்தக் கடன் ஏற்பாட்டுக்கு ஹெச்எம்பி என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன்பு டிராம் இல்லாததை நான் கிட்டேயே சேர்க்க மாட்டேன். இப்போது அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன். டபிள்யூடி பிளாக் எஸ்என்7100, சாம்சங் 990 ஈவோ பிளஸ் இரண்டிலும் டிராம் கிடையாது, இரண்டும் 7,250 எம்பி வரை படிக்கின்றன. அன்றாட வேலையில் டிராம் உள்ளவற்றிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். குறைவாகச் சூடாகும் என்பது கூடுதல் லாபம். ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்கள், பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் 990 ப்ரோ, எஸ்என்850எக்ஸ் போன்ற டிராம் உள்ளவற்றுக்குப் போகட்டும்.

சாட்டாவில் கதை வேறு. அங்கே ரேமைக் கடன் வாங்கும் வசதியே இல்லை. டிராம் இல்லாத மலிவு சாட்டா எஸ்எஸ்டிதான் இருப்பவற்றிலேயே மோசமான தேர்வு. நிரம்ப நிரம்ப விக்கித்து நிற்கும்.

சரி, எதை வாங்குவது?

என்னைக் கேட்டால், ஜென்4, டிஎல்சி, 2 டிபி. ஜென்5 1 டிபியா, ஜென்4 2 டிபியா என்று தயங்கினால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது. கொள்ளளவு பெரிதானால் கேஷ் பெரிதாகும், டிபிடபிள்யூ இரட்டிப்பாகும், நிரம்பி வழியும் நாளும் தள்ளிப்போகும். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும். ஏமாற்றவில்லை, நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அதிலும் பத்திலொரு பங்கைக் காலியாக விட்டுவைப்பது நல்லது. 500 ஜிபி வாங்குபவர் ஒரே ஆண்டில் இடம் தேடி அலைவார்.

அலுவலகக் கோப்பு, பிரௌசர், வங்கிக் கணக்கு என்று மட்டும் போகும் கணினிக்கு ஜென்3 டிஎல்சி 1 டிபி தாராளம். ஆனால் கடைகளில் ஜென்3 அருகிவருகிறது, விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் ஜென்4-ஏ வாங்கிவிடலாம். விளையாட்டுக்கென்றே இரண்டாவது எஸ்எஸ்டி என்றால் மேலே சொன்ன க்யூஎல்சி.

வாங்குவதற்கு முன் மதர்போர்டு கையேட்டில் எம்.2 பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் படிக்கவில்லை. இரண்டாவது எம்.2 துளையில் புதியதைச் செருகிக் கணினியை எழுப்பினால், ஆறு ஆண்டுப் புகைப்படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். கேபிளைக் கழற்றி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன், டிஸ்க்கில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். சுழல்கிறது. ஒரு மணி நேரம் வியர்த்த பிறகு கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: அந்தத் துளையை நிரப்பினால் ஐந்தாவது, ஆறாவது சாட்டா இணைப்புகள் வேலை செய்யாது. கேபிளை மூன்றாவதில் மாட்டினேன், புகைப்படங்கள் திரும்பி வந்தன. பொதுவாக ப்ராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் துளைதான் ப்ராசசரோடு நேரடியாகப் பேசும், வேகமானதும் அதுவே. மற்றவை பெரும்பாலும் போர்டிலுள்ள துணைச் சில்லான சிப்செட் வழியாகப் போகும்.

பொருத்துவது ஐந்து நிமிட வேலை. சாய்வாகச் செருகி, கிடைமட்டமாக அழுத்தி, திருகைப் போட வேண்டும். அந்தத் திருகு எள்ளு அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கணினியைப் படுக்கவைத்துவிட்டுச் செய்யுங்கள். போர்டோடு வரும் ஹீட்சிங்க் தகட்டைத் திருப்பிப் பார்த்தால், சூட்டைக் கடத்தும் பேடின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டு மூட வேண்டும். வெப்பநிலை 80-ஐத் தொடுகிறது, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேருக்கு அந்தத் தாளை உரித்ததோடு வைத்தியம் முடிந்தது.